காமன் ஓப்பன் ஸ்பேஸ்: ‘பொது’ என்று எழுதலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு வில்லா குடியிருப்புச் சங்கத்தின் துணைவிதிகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘காமன் ஓப்பன் ஸ்பேஸ்’ வருகிறது. ‘பொதுத் திறந்தவெளி’ என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘பப்ளிக் ஓப்பன் ஸ்பேஸ்’ வந்தது. அதற்கும் கை தானாக ‘பொதுத் திறந்தவெளி’ என்றே எழுதிவிட்டது. இரண்டும் ஒன்றில்லை என்று புரிகிறது, சொல்தான் அகப்படவில்லை. கூடவே இன்னொன்று: ‘ஸோனிங்’குக்கு ‘மண்டலப்படுத்தல்’ சரிதானா? போன மாதம் இங்கே ஒருவர் ‘திணைப்படுத்தல்’ என்று சொன்ன நினைவு.

———

> ‘மண்டலப்படுத்தல்’ சரிதானா?

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். மண்டலம் பாவம், ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை பார்க்கிறது. மாநகராட்சிக்கு மண்டலம், ரயில்வேக்கு மண்டலம், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், விரதம் இருந்தால் அதுவும் ஒரு மண்டலம். ‘உங்கள் மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது?’ என்று கேட்டால் சென்னைக்காரர் அடையாறு, தேனாம்பேட்டை என்றுதான் பதில் சொல்வார். திணை காதுக்கு இனிமை, பொருளுக்குப் பொருந்தாது. திணை நிலத்தின் இயல்பைச் சொல்வது. ஸோனிங் என்பது அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து, இங்கே வீடு, இங்கே கடை, இங்கே ஆலை என்று மனிதர் கோடு போடுவது. பத்திரிகை அறிவிப்புகளில் ‘நில உபயோக மாற்றம்’ என்று காலங்காலமாக வருகிறதே, அதையொட்டியே போகலாம்: ஸோன் ‘நிலப்பயன் பகுதி’, ஸோனிங் ரூல்ஸ் ‘நிலப்பயன் விதிகள்’. ‘நில வகைப்பாடு’ மட்டும் வேண்டாம். வருவாய்த் துறையில் அது நன்செய், புன்செய், புறம்போக்கு சமாசாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருப்பது புறநகரில் மூன்று ஏக்கர் மனைப்பிரிவு. கிழக்கு மூலையில் கம்பிவேலி போட்ட இடம் ஒன்று உண்டு. ஒரு சறுக்குமரம், துருப்பிடித்த இரண்டு ஊஞ்சல், மீதியெல்லாம் பார்த்தீனியமும் இடுப்புயரப் புல்லும். இரண்டு வருடத்துக்கு முன் மழை முடிந்த சமயம், அங்கிருந்து ஒரு கண்ணாடிவிரியன் எதிர்வீட்டு வாசற்படிக்கு வந்துவிட்டது. அன்று மாலையே சங்கத்தில் அவசரக் கூட்டம். ஒருவர் எழுந்து, ‘பொது இடம்தானே, உள்ளாட்சிதான் சுத்தம் செய்யணும்’ என்றார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், ‘பொது இடம்தானே, நாமதான் ஆளுக்கு ஐந்நூறு போடணும்’ என்றார். ஒரு மணி நேரம் சண்டை. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்தவர் தலையைத் தூக்காமலே, ‘அது உங்க பொது இடம் சார்’ என்றார்.

உண்மையில் அந்த இடம் எங்களுடையது இல்லை. 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் கொடுக்க வழியில்லாதபோது அதன் மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். எல்லோரும் ‘ஓ.எஸ்.ஆர். (ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) இடம்’ என்பது இதைத்தான். எங்கள் மூன்று ஏக்கர் மொத்தம் 12,000 சதுர மீட்டருக்கு மேல், சாலை போக சுமார் 9,000. அதில் பத்தில் ஒன்று 900, அதாவது 22 சென்ட், நாலு கிரவுண்ட். பத்திரம் பதிவான நாளிலிருந்து அது உள்ளாட்சியின் சொத்து. பக்கத்துத் தெருப் பிள்ளை வந்து ஊஞ்சல் ஆடினால், ‘நீ எந்த பிளாக்?’ என்று கேட்க எங்கள் காவலாளிக்கு உரிமை கிடையாது. கேட்கிறார் என்பது வேறு கதை.

உங்கள் துணைவிதியில் வரும் ‘காமன்’ இதற்கு நேர் எதிர். 2016 ரெரா சட்டம், அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம், பூங்கா, விளையாட்டிடம் எல்லாவற்றையும் ‘காமன் ஏரியா’ என்ற வரையறைக்குள் வைத்து, அவற்றின் பிரிபடாத உரிமையை வாங்கியவர்கள் சங்கத்துக்குக் கட்டுநர் எழுதித் தர வேண்டும் என்கிறது. அங்கே நுழைய சாவி வேண்டும். புல் வெட்ட, பம்பு பழுது பார்க்க, விளக்கு மாற்ற, எல்லாம் உறுப்பினர் பணம்.

ஆங்கிலத்தில் ‘காமன்’ வேறு, ‘பப்ளிக்’ வேறு என்பது பழைய கதை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ராட்பர்ன் 1929-இல் உருவானது. கார் காலத்துக்கான ஊர் என்று சொல்லிக்கொண்டே, கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வீடுகளின் முகத்தைச் சாலைக்குக் காட்டாமல் உள்பூங்காவுக்குத் திருப்பினார்கள். அந்தப் பூங்கா நகராட்சியுடையது அல்ல. வீட்டுக்காரர்களிடம் கட்டணம் வாங்கி அதைப் பேண ராட்பர்ன் சங்கம் என்று தனி அமைப்பே இருக்கிறது. நியூயார்க்கின் கிராமர்சி பூங்கா இன்னும் கறார்: 1831-இலிருந்து சுற்றியுள்ள மனைக்காரர்களுக்கான தோட்டம், வேலி உண்டு, பூட்டு உண்டு, சாவி அவர்களிடம் மட்டும். இதைத் தமிழில் ‘பொதுப் பூங்கா’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

தமிழில் ‘பொது’ இரண்டையும் சுமக்கிறது. ‘பொதுக்கழிப்பறை’ எல்லோருக்கும். ஆனால் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: ‘கிணற்றிலும் மோட்டார் பம்பு செட்டிலும் பொதுவில் நாலில் ஒரு பங்கு’. அந்தப் ‘பொதுவில்’ நாலு பங்காளிக்கு மட்டும். ஐந்தாமவர் வாளியோடு வந்தால் அடிதடி.

ஆகவே என் யோசனை:

காமன் ஓப்பன் ஸ்பேஸ் – கூட்டுவெளி
பப்ளிக் ஓப்பன் ஸ்பேஸ் (ஓ.எஸ்.ஆர். நிலம் உட்பட) – ஊர்வெளி

கூட்டுவெளிக்கு முன்மாதிரி கூட்டுப் பட்டா. தனிப் பட்டா, கூட்டுப் பட்டா வித்தியாசம் தெரியாத நிலக்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். பலர் பெயரில் ஒரே சொத்து, யார் பாகம் எது என்று கோடு கிழிக்காத நிலை. நமக்கு வேண்டியது அதுதானே? ‘பங்குவெளி’ என்றும் எழுதிப் பார்த்தேன். பங்குச்சந்தை வாடை அடிக்கிறது. போதாததற்கு, ‘என் பங்கைப் பிரித்துக் கொடு’ என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கிளம்புவார்.

———

கூட்டுவெளி நன்றாக இருக்கிறது. ஊர்வெளி வேண்டாம்.

இருபத்தெட்டு ஆண்டு வருவாய்த் துறையில் இருந்தவன் சொல்கிறேன். எங்கள் பக்கம் ‘ஊர்’ என்றால் தலித் மக்கள் வாழும் காலனி அதில் சேராது. ‘ஊர்க்கிணறு’, ‘ஊர்ச்சாவடி’, ‘ஊர்ப்பொது’, இந்தச் சொற்களுக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்பது எழுதாத விதியாக இருந்தது. சில இடங்களில் இன்றும் இருக்கிறது. யாருக்கும் கதவு அடைக்கக் கூடாத இடத்துக்குப் பெயர் தேடும்போது, கதவு அடைத்துப் பழகிய சொல்லையா எடுப்பது?

யாராவது ‘ஒப்படைவெளி’ என்று ஆரம்பிக்கும் முன் அதையும் தடுத்துவிடுகிறேன். எங்கள் கோப்புகளில் ‘நில ஒப்படை’ என்றால் அரசு நிலத்தை நிலமற்றவருக்குத் தருவது. இங்கே நடப்பது தலைகீழ், தனியார் நிலம் உள்ளாட்சிக்குப் போகிறது. சொல் இடித்தால் கோப்பு தவறான பிரிவுக்குப் போய்விடும். பிறகு ஆறு மாதம் தேட வேண்டியதுதான்.

இன்னொன்று. பூங்கா இடத்தை ஆக்கிரமிக்க வருகிறவர் முதலில் கெடுப்பது சொல்லைத்தான். ‘பொது உபயோகத்துக்குத்தான் சார், ஆஸ்பத்திரி கட்டப்போறோம்’ என்பார்கள். பெங்களூரில் அப்படிப் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, குடியிருப்பவர்கள் வழக்காடி, 1991-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆஸ்பத்திரியும் நல்லதுதான், ஆனால் திறந்தவெளி திறந்த வெளியாகவே இருக்க வேண்டும். எனவே ‘திறந்த’ என்ற அடைமொழியைச் சுருக்கம் கருதி வெட்டாதீர்கள்.

———

ஐயா சொன்னது சரி. ஊர்வெளியைத் திரும்பப் பெறுகிறேன். சொல் தேடும் பரபரப்பில் எனக்கு ஊர் என்றால் எல்லோரும் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதற்கே ஒரு வசதியான பிறப்பு வேண்டும் போல.

அப்படியானால் புதுச் சொல்லே வேண்டாம். ‘பொது’வை எல்லோருக்குமானதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம், நாலு பேருக்கானதிலிருந்து அதைக் கழற்றிவிடுவோம். பொதுத் திறந்தவெளி, கூட்டுத் திறந்தவெளி. ‘வெளி’ என்று மட்டும் நிறுத்தினால் ‘பொதுவெளி’ வேறு பக்கம் இழுக்கிறது, அது கருத்துச் சண்டை நடக்கும் இடம் என்றாகிவிட்டது.

———

இருவருக்கும் நன்றி. மாற்றிய பத்தி இதோ:

‘கூட்டுத் திறந்தவெளியைப் பேணும் செலவு மனை உரிமையாளர்கள் அனைவரையும் சாரும். பொதுத் திறந்தவெளி தானப் பத்திரத்தின் வழி உள்ளாட்சியைச் சேர்ந்தது; அதில் எவர் நுழைவதையும் சங்கம் தடுக்கலாகாது. சங்கம் விரும்பினால், உள்ளாட்சியின் எழுத்து மூலமான அனுமதியுடன், தன் செலவில் அதைப் பேணலாம்.’

கடைசி வாக்கியம் மூலத்திலேயே இருக்கிறது, நான் சேர்க்கவில்லை. பாம்பு வந்த கதையைப் படித்தபின் அதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ‘செட்பேக்’குக்கு (கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விடும் இடம்) நாளை தனி மடல் போடுகிறேன்.