கணவருக்கு வேலை போய் ஐந்து வாரம்: மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன பேசுவது?

கேள்வி

என் கணவருக்கு வேலை போய் இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. பதினோரு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் போட்டவர். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். நாலேகாலுக்கு அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் வாங்கிக்கொண்டு, வாசல்வரை ஒரு காவலாளியையும் உடன் அனுப்பிவைத்தார்கள். மேசையில் இருந்த எங்கள் மகளின் புகைப்படமும் ஓர் இரும்பு அளவுகோலும் மறுநாள் கூரியரில் வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டியை அவர் இன்னும் பிரிக்கவில்லை. அலமாரிக்கு மேல் இருக்கிறது.

நான் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். என் சம்பளம் வீட்டுச் செலவில் பாதிக்குக்கூடப் போதாது. நிறுவனம் கொடுத்த தொகையையும் சேமிப்பையும் வைத்துச் சில மாதங்கள் ஓட்டலாம் என்று மனக்கணக்கு சொல்கிறது. இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்க்கவில்லை. நான் தாளை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுகிறார்.

பணத்தைவிட என்னை வாட்டுவது மாலை நேரம்தான். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். கேட்கக் கூடாது என்று படியேறும்போதே நினைத்துக்கொள்கிறேன். செருப்பைக் கழற்றுவதற்குள் "ஏதாவது பதில் வந்ததா?" என்று வாய் கேட்டுவிடுகிறது. "வந்தால் சொல்ல மாட்டேனா?" என்பார். அதோடு இரவுவரை பேச்சில்லை. போன வாரம் பாத்திரங்களையெல்லாம் தேய்த்து அடுக்கி வைத்திருந்தார். ஒன்றில் பிசுக்கு இருந்தது. எடுத்து மறுபடி தேய்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து சமையலறைப் பக்கமே வருவதில்லை.

ஞாயிறு இரவில் ஐந்து சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டும் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. அவை வெள்ளிவரை அப்படியே தொங்குகின்றன. மறு ஞாயிறு அதே சட்டைகளை எடுத்து மறுபடி இஸ்திரி போடுகிறார். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.

அவருடைய அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கு 13 வயது. "அப்பா விடுப்பில் இருக்கிறார்" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நேற்று அவள் பையைச் சுத்தம் செய்தபோது, பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் நான்காக மடித்து அடியில் கிடந்தது. எங்களிடம் அவள் காட்டவேயில்லை.

இதைக் கடந்து வந்தவர்கள் வீட்டுக்குள் எப்படிப் பேசினீர்கள்? எதைக் கேட்டீர்கள், எதைக் கேட்காமல் விட்டீர்கள்? அவர் முன்னால் நான் அழுவதில்லை. அலுவலகக் கழிப்பறையில் அழுது முகம் கழுவிக்கொண்டு வருகிறேன். இப்படி இன்னும் எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை.

பதில் 1

சகோதரி, எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்தது. முதல் முறை நானும் உங்களைப் போலத்தான் தினமும் கேட்டேன். ஏழாம் மாதம் அவருக்கு வேலை கிடைத்தபோது நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே மறந்திருந்தோம்.

இரண்டாம் முறை ஒன்றை மட்டும் மாற்றினோம். வேலை, பணம் இரண்டையும் பற்றிய பேச்சு சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றுவரை மட்டும். மற்ற நாட்களில் நான் கேட்க மாட்டேன். செய்தி இருந்தால் அவராகச் சொல்வார். முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை வந்தே தீரும் என்பதால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மாலையில் விசாரணை இல்லை என்று தெரிந்தபின் அவரும் நான் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

முதல் சனிக்கிழமைக்கு ஒரு தாள் போதும். கட்டாயச் செலவிலிருந்து உங்கள் சம்பளத்தைக் கழியுங்கள். மீதி வரும் தொகையால் கையிருப்பை வகுத்தால் எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும். மூன்று மாதம்தான் தாங்கும் என்று நான் தூங்காமல் கிடந்தேன். எழுதிப் பார்த்தபோது ஆறு வந்தது. உங்களுக்குக் குறைவாகவே வந்தாலும், அந்த எண் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குடியிருக்கும் வீடு, மின்சாரம், மருந்து, காப்பீடு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள். ஏதாவது தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். தவறிய பிறகு போனால் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. ஓய்வுக்காலச் சேமிப்பைக் கடைசிவரை தொடாதீர்கள். இன்னொன்று, இதை இன்றே செய்யுங்கள்: அவருடைய அலுவலகம் வழியாக உங்களுக்கு மருத்துவக் காப்பீடு இருந்திருந்தால், அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்கவில்லை. அது முடிந்த ஒன்பதாம் நாள் நான் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டேன்.

பதில் 2

உங்கள் கணவர் இப்போது இருக்கும் நிலையில் நான் பத்து மாதம் இருந்தேன். அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நாட்களில் யாராவது அலமாரிக் கதவைச் சற்று ஓங்கிச் சாத்தினால்கூட என்மேல் உள்ள கோபம் என்றே எடுத்துக்கொள்வேன். நீங்கள் பிசுக்கைத்தான் தேய்த்தீர்கள். அவருக்கு அது "இதுகூட உனக்குச் சரியாக வரவில்லை" என்று கேட்டிருக்கும். இன்றைக்கே அதைப் பற்றி அவரிடம் நேராகப் பேசிவிடுங்கள்.

சட்டைகளைப் பற்றி நீங்கள் வேதனைப்படுகிறீர்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை தெரிகிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த துணி ஆலை மூடப்பட்டதும் ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரீ யாஹோடாவும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹன்ஸ் ஸைசலும் அந்த மக்களை ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார்கள். தெருவில் போகிறவர்களின் நடைவேகத்தைக்கூட அவர்கள் அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள். வீட்டு வேலை அவர்களுக்காகக் காத்திருந்தது. நாள் முழுவதும் ஓய்வு இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நான் அதைப் படித்தபோது மூன்றாம் மாதத்தில் இருந்தேன். படிக்க ஆசைப்பட்டு எடுத்து வைத்திருந்த புத்தகங்களில் ஒன்றைக்கூடத் திறந்திருக்கவில்லை. என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வதை அன்றுதான் நிறுத்தினேன்.

வேலை சம்பளம் மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே சில முகங்கள், நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இவற்றையும் தருகிறது என்று யாஹோடா பின்னாளில் எழுதினார். உங்கள் கணவர் தன் வாரத்தைக் கையிலிருந்து நழுவவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதைத் தடுக்காதீர்கள். அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு போக ஓர் இடம்தான் வேண்டும். நான் நூலகத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை விண்ணப்பங்கள். அதற்குப் பிறகு தேடுவதில்லை. நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த முதல் இரண்டு மாதத்தைவிட அந்த மூன்று மணி நேரத்தில் நிறைய நடந்தது.

வீட்டில் அவருக்குச் சின்னச் சின்ன உதவிகள் கொடுக்காதீர்கள். ஏதாவது ஒன்றை முழுதாக ஒப்படையுங்கள். மகளின் கணிதமோ, இரவுச் சமையலோ, எதுவானாலும். ஒப்படைத்தபின் திருத்தாதீர்கள்.

அவர் அம்மாவிடமே சொல்லவில்லை என்றால் பழைய நண்பர்களிடமும் சொல்லியிருக்க மாட்டார். நானும் நான்கு மாதம் மறைத்தேன். வேலை பெற்றவர்களிடம் எப்படிக் கிடைத்தது என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விசாரித்து 1970களில் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்ப்பவர்கள்தான் வழிகாட்டினார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், எட்ட இருப்பவர்கள் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார்கள் என்பது அவர் தந்த விளக்கம். எனக்கு வழி காட்டியவர் ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னோடு ஒரே ஒரு திட்டத்தில் வேலை செய்தவர். அவருக்கு இரண்டு வரி எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் பதில் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பதில் 3

நான் உங்கள் மகளின் இடத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வேலை போனபோது எனக்கு 12 வயது. எனக்கும் "விடுப்பு" என்றுதான் சொன்னார்கள். இரவில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். இருவரும் பிரியப்போகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். அதைத் தடுக்க, எதையும் கேட்காத பிள்ளையாக மாறினேன். செருப்பு சிறியதாகிவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை.

உங்கள் மகளுக்குத் தெரியும், அம்மா. என்ன என்பதுதான் சரியாகத் தெரியாது. அந்தப் படிவத்தை நீங்கள் பார்த்துவிட்டதை வைத்து அவளைக் குறுக்கு விசாரணை செய்துவிடாதீர்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அது அவர் செய்த தவறால் இல்லை, இந்த வீடும் உன் பள்ளியும் அப்படியே இருக்கும், சில செலவுகளைக் குறைப்போம். எது நிச்சயமோ அதை மட்டும் சொல்லுங்கள். சுற்றுலாவுக்கு அனுப்ப முடியாது என்றால் அதையும் அவளிடமே சொல்லுங்கள். முடியாது என்று அன்றே சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பதில் 4

சனிக்கிழமை யோசனையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டில் என் மனைவிக்கு வேலை போனது. ஒரு வாரம் முழுவதையும் மனதில் அடக்கி வைத்திருப்பது அவளுக்கு முடியவில்லை. இரவு உணவுக்குப் பின் பத்து நிமிட நடை எங்களுக்குச் சரியாக வந்தது. முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது அவளுக்குப் பேச்சு எளிதாக வந்தது. உங்கள் இருவருக்கும் எது பொருந்துகிறதோ அதைச் செய்யுங்கள்.

நான் எழுத வந்தது உங்களைப் பற்றி. வேலையிழந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் வினோகூர், பிரைஸ், கேப்ளன் ஆகிய மூவர் ஆராய்ந்து 1996இல் எழுதினார்கள். பண நெருக்கடி இருவரையுமே மனச்சோர்வில் தள்ளுகிறது. சோர்ந்துபோன துணைவரால் முன்போல ஆதரவு தர முடிவதில்லை, குத்தலும் குறைகூறலும் கூடிவிடுகின்றன என்று கண்டார்கள். நான் அப்படித்தான் ஆனேன். அவளைத் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டே சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தேன். கழிப்பறையில் அழுவது உங்களுக்குப் போதாது. உங்கள் அக்காவோ தோழியோ யாராவது ஒருவருக்கு முழுவதும் தெரியட்டும். உங்கள் கணவருக்கும் ஒரு நாள் உங்கள் கண்ணீரைக் காட்டுங்கள். தைரியமாக இருப்பவர் முன்னால் தான் மட்டும் உடைந்துபோனதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்" என்பதுபோல ஒரு சொல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

கேட்டவர், பன்னிரண்டு நாட்களுக்குப் பின்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன்.

அன்றிரவே பாத்திரத்தைப் பற்றிப் பேசினேன். "பிசுக்குதான் கண்ணில் பட்டது, நீங்கள் பார்ப்பதைக் கவனிக்கவில்லை" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ அழவேயில்லை என்பதால் என்மேல் வெறுப்பு என்று நினைத்தேன்" என்றார்.

சனிக்கிழமை தாளில் எழுதினோம். ஐந்து மாதமும் சில நாட்களும் வருகிறது. காப்பீடு இந்த மாத இறுதியோடு முடிகிறது என்று அவருடைய பழைய அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. வேறொன்று எடுக்க விண்ணப்பித்துவிட்டோம். இரவுச் சமையல் முழுவதும் இப்போது அவருடையது. நான் மேடைப் பக்கம் போவதில்லை. மாலையில் கேட்காமல் இருப்பது இன்னும் கைகூடவில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

மகளிடம் சேர்ந்து சொன்னோம். "தெரியும்" என்றாள். அலமாரிக்கு மேல் இருக்கும் பெட்டியின் ஒட்டுத்தாளில் நிறுவனத்தின் பெயர் இருந்ததாம்; முதல் நாளே படித்துவிட்டாளாம். பிறகு உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்தாள். அவர்தான் கையெழுத்துப் போட்டார். அந்தத் தொகைக்காக வேறு ஒரு செலவை மூவருமாகச் சேர்ந்து வெட்டினோம். பெட்டியையும் அவளே பிரித்தாள். அளவுகோல் இப்போது அவள் மேசையில் இருக்கிறது.

அவருடைய அம்மாவிடம் நாளை மாலை சொல்லப்போகிறார். அவரே பேசுகிறேன் என்றார். நான் பக்கத்து அறையில் இருப்பேன்.