கொழுப்பு உணவு + குறைந்த அளவு எஸ்டிஇசட்: பாதி எலிகளுக்குச் சர்க்கரை ஏறவில்லை, ஏன்?

ஆய்வகம்22:
மூலிகைச் சாறு ஒன்றைச் சோதிக்க, எலிகளில் டைப் 2 சர்க்கரை நோய் மாடல் உருவாக்கப் பார்க்கிறோம். ஆண் விஸ்டார் எலிகள், 180–200 கிராம். எலித்தீவனத்தைப் பொடித்து வனஸ்பதியும் தேங்காய் எண்ணெயும் கலந்து 4 வாரம் கொடுத்தாச்சு. பிறகு ஸ்ட்ரெப்டோசோடோசின் (எஸ்டிஇசட், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும் மருந்து), கிலோவுக்கு 35 மி.கி., வயிற்றறைக்குள் ஊசி. ஒரு வாரம் கழித்து இரத்தச் சர்க்கரை பார்த்தால் சிலவற்றுக்கு 120-ஐத் தாண்டவில்லை. சிலவற்றுக்கு 450-க்கு மேல், எடையும் மளமளவென்று குறைகிறது. இரண்டு மறுநாள் காலையிலேயே செத்துக் கிடந்தன. டோஸை 50 ஆக்கலாமா?

பீட்டாசெல்:
ஆக்காதீங்க. 50, 55-க்குப் போனால் வெறும் தீவனம் தின்ற எலிக்கும் சர்க்கரை வந்துவிடும். அப்புறம் கொழுப்பு உணவுக்கு அங்கே என்ன வேலை?

முதல் சந்தேகம் கரைசல் மேல்தான். எல்லா எலிக்கும் ஒரே குழாயில் மொத்தமாகக் கலக்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து போட்டிருந்தால் கடைசி எலிக்குப் போனது பாதி செத்த மருந்து. 0.1 மோலார் சிட்ரேட் பஃபர், பிஎச் 4.5, பனிக்கட்டியில் குளிர்ந்திருக்கட்டும். மருந்துப் புட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீங்க, ஈரம் இழுக்கும்; அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறங்க. ஐந்தாறு எலிக்கு ஒரு குழாய் என்று உலர்ந்த பொடியாகவே நிறுத்து, ஃபாயில் சுற்றி வையுங்க. ஊசிக்கு முன்னாடிதான் பஃபர் ஊற்றணும், 15 நிமிடத்துக்குள் காலி செய்யணும். மில்லிக்கு 35 மி.கி. என்று கரைத்தால் கிலோவுக்கு 1 மில்லி. 250 கிராம் எலிக்கு 0.25 மில்லி.

ஊசி போகும் இடமும் முக்கியம். எலியின் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை) பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அதனால் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, வலது அடிவயிற்றில் குத்தி, பிஸ்டனை லேசாகப் பின்னிழுத்துப் பாருங்க. பச்சையாகவோ சிவப்பாகவோ ஏதாவது வந்தால் அந்த ஊசியை எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்க. கொழுத்த எலியில் மருந்து கொழுப்புக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. சர்க்கரை 120-ஐத் தாண்டாத உங்க எலிகளில் சில அப்படி இருக்கலாம்.

எலிக்கூடம்:
அந்த இரண்டு சாவுக்குக் காரணம் பெரும்பாலும் தாழ்சர்க்கரை. பீட்டா செல்கள் உடையும்போது உள்ளிருக்கும் இன்சுலின் மொத்தமாக வெளியே கொட்டும். ஊசி போட்ட அன்று ராத்திரிதான் கண்டம். ஊசி போட்ட கையோடு தீவனத்தைத் திருப்பி வையுங்க, தண்ணீர்ப் புட்டியில் 10% சுக்ரோஸ், 24 மணி நேரம். அதற்குப் பிறகு மூத்திரம் அதிகமாகும். கூண்டுக்கு 2 எலிக்கு மேல் வேண்டாம், உமியைத் தினம் மாற்றுங்க.

கொழுப்புக்கணக்கு:
தீவனத்தை யாரும் கேட்கலையே. பொடியில் எண்ணெயை ஊற்றினால் கொழுப்பு கூடும், புரதமும் வைட்டமினும் சதவீதத்தில் இறங்கும். மொகாலியிலுள்ள நைப்பர் என்ற மருந்தியல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 2005-ல் வந்த முறையில் கிலோவுக்குத் தீவனப்பொடி 365 கிராம், பன்றிக்கொழுப்பு 310, கேசீன் (பால் புரதம்) 250, கொலஸ்ட்ரால் 10, வைட்டமின்-தாது கலவை 60, மெத்தியோனின் 3, ஈஸ்ட் 1, உப்பு 1. கலோரியில் 58% கொழுப்பு. அந்த 250 கிராம் கேசீன் சும்மா போட்டதில்லை.

வனஸ்பதி விஷயம் வேறு. 2022 ஜனவரியிலிருந்து டிரான்ஸ் கொழுப்புக்கு 2% வரம்பு. பழைய கட்டுரைகளில் வரும் வனஸ்பதியும் இன்று கடையில் கிடைப்பதும் ஒன்றல்ல, எந்த ஆண்டு, எந்த பேட்ச் என்று எழுதி வையுங்க. கலந்ததை 4 டிகிரியில் வைத்து இரண்டு நாளுக்கொருமுறை மாற்றணும். காறிப்போனால் எலி தொடாது. கீழே சிந்தியதை நிறுக்காவிட்டால் உணவு அளவுக் கணக்கே பொய்.

ஆய்வகம்22:
நன்றி. வெறும் தீவனம் + எஸ்டிஇசட் என்று தனிக்குழு எங்களிடம் இல்லை. அவசியமா?

பீட்டாசெல்:
அதில்லாமல் மாடலே நிற்காது. 35-ல் அந்தக் குழுவின் சர்க்கரை இயல்பாகவே இருக்கணும். ஏறினால் உங்கள் டோஸ் அதிகம். கொழுப்பு உணவு + வெறும் பஃபர் குழுவும் வேண்டும், அங்கே சர்க்கரை கிட்டத்தட்ட சாதாரணம், இன்சுலின் கூடுதல். ஊசிக்கு முன்பே 4–6 மணி பட்டினி போட்டு, கிலோவுக்கு 0.75 யூனிட் இன்சுலின் கொடுத்து 0, 15, 30, 60, 90 நிமிடங்களில் வால் நுனி இரத்தம் பாருங்க. சர்க்கரை தீவன எலியைப் போலவே சரிந்தால் இன்சுலின் எதிர்ப்பு இன்னும் வரவில்லை, எஸ்டிஇசட் போட அவசரப்படாதீங்க.

சர்க்கரை 450-ஐத் தாண்டி எடை குறைந்த அந்த எலிகளின் இன்சுலினை அளந்து பாருங்க. அடியோடு போயிருந்தால் அவை டைப் 2 ஆகாது, விலக்கணும். விலக்கும் விதியை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதணும். குளுக்கோமீட்டர் 'ஹை' காட்டினால் 600 என்று போட்டுச் சராசரி எடுக்காதீங்க, பிளாஸ்மாவைப் பிரித்து ஆய்வகத்தில் அளங்க. குறைந்த டோஸில் சில எலிகள் தாமாகவே தேறும். அதனால் ஒரு வார இடைவெளியில் இரண்டு அளவீடு ஒத்துவந்த பிறகே குழு பிரித்து மருந்து தொடங்குங்க. இல்லாவிட்டால் தானாகத் தேறியதும் உங்கள் மூலிகைச் சாற்றின் கணக்கில் போய்ச் சேரும்.