ராவெல் 150: எல்லா கச்சேரியிலயும் பொலேரோ மட்டும் தானா?

தாழம்பூ:
பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் ராவெல் பிறந்து 2025ல 150 வருஷம் ஆச்சு, கொண்டாடறோம்னு சொல்லிட்டு எங்க பாத்தாலும் அவரோட 'பொலேரோ'ங்கிற ஆர்கெஸ்ட்ரா இசையையே போடறாங்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒரே மெட்டு ஒரே தாளம், அதுல சங்கீதமே இல்லன்னு அவரே சொன்னவர். அதை வச்சே அவரை எடை போட்டா மத்ததெல்லாம் யாருங்க கேப்பாங்க?

தாளக்காரன்:
ஒரே மெட்டு இல்லங்க, ரெண்டு. ஸ்நேர் டிரம்ங்கிற சின்ன முரசு காதுல விழுதா இல்லையாங்கிற அளவுக்கு ஆரம்பிக்கும், மேல ஒத்தைப் புல்லாங்குழல், அப்புறம் கிளாரினெட், பசூன்னு ஊதற வாத்தியம் ஒவ்வொண்ணா வரும், வயலினுக்கு மெட்டு கிடைக்கவே பாதிக்கு மேல ஆயிடும். நடுவுல ஒரு இடம் இருக்கு பாருங்க, ஹார்னும், செலஸ்டாங்கிற மணியோசை கீபோர்டும் சி மேஜர் ஸ்ருதியில போகுது, அதே மெட்டை ஒரு பிக்கலோ (குட்டிப் புல்லாங்குழல்) ஜி-யில, இன்னொரு பிக்கலோ ஈ-யில வாசிக்குது. பேப்பர்ல பாத்தா அபஸ்வரம் தான், ஆனா சேந்து வரும்போது மேடையிலயே இல்லாத ஒரு ஆர்கன் கேக்கும். 1928ல நடனக் கலைஞர் ஐடா ரூபின்ஸ்டைனோட பாலே நாட்டியத்துக்குன்னு எழுதினது, இந்த மாதிரி யோசிக்க அன்னிக்கு வேற யார் இருந்தாங்க?

தாழம்பூ:
வித்தை இல்லன்னு நான் சொல்லவே இல்லையே, மனசு எங்கன்னு தான் கேக்கறேன். 'லெ தோம்போ த கூப்ரான்' கேட்டிருக்கீங்களா? முதல் உலகப்போர்ல உடம்பு ஒல்லின்னு ராணுவம் வேணாம்னுச்சு, விடாம போய் வெர்தூன் போர்முனை பக்கம் லாரி ஓட்டினார். அந்த வருஷங்கள்ல எழுதின பியானோ இசை அது. ஆறு பகுதி, ஒவ்வொண்ணும் போர்ல செத்துப்போன நண்பர்களுக்கு. அதுல 'ரிகோதோன்'ங்கிற பகுதி அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு, ஒரே குண்டுல போனவங்க. அதைப் போய் துள்ளல் நடனமா எழுதியிருக்கார், நடுவுல மட்டும் கொஞ்ச நேரம் குரல் தாழும், திரும்ப துள்ளல். கடைசி 'தொக்காத்தா' ஜோசப் த மார்லியாவுக்கு, 1919ல அதை முதன்முதலா மேடையில வாசிச்சது அந்த மார்லியாவோட மனைவி மார்கரித் லாங். அவங்க எப்படி வாசிச்சிருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு தொண்டை அடைக்குது.

தாளக்காரன்:
நீங்க சொல்றது என் பக்கம் தான் சேருது. துக்கத்தையே அழாம, கணக்கு தப்பாம எழுதற கை தான் பொலேரோவையும் எழுதிச்சு. அப்பா இன்ஜினியர், இவருக்கும் தொழிற்சாலைன்னா அவ்ளோ பிடிக்கும். வித்தை வேற மனசு வேறன்னு இவர்கிட்ட பிரிக்கவே முடியாதுங்க.

மழைச்சாரல்:
குறுக்க வரேன், மன்னிக்கணும். 1905ல ப்ரீ த ரோம்ங்கிற பிரான்சோட பெரிய இசைப் பரிசுப் போட்டியில முதல் சுற்றுலயே இவரை வெளிய தள்ளினாங்க, இறுதிக்கு வந்தவங்க எல்லாரும் நடுவர் ஒருத்தரோட மாணவங்களேன்னு பாரிஸ் பத்திரிகையெல்லாம் கிழிச்சது, பாரிஸ் இசைக் கல்லூரியான கன்சர்வத்வாரோட டைரக்டரே மாறினார். அப்படிப்பட்டவரை இன்னிக்கு ஊரே முணுமுணுக்குதுன்னா அது பொலேரோவால தானே? அதுக்காகவாவது விடுங்க.

தாழம்பூ:
முணுமுணுக்கட்டும், சந்தோஷம் தான். ஆனா புதுசா வர்றவங்களுக்கு இது தான் புரியும்னு கச்சேரி நடத்தறவங்களே முடிவு பண்றாங்க பாருங்க, அதை ஒத்துக்க மாட்டேன். அவர் இடது கைக்குன்னே எழுதின பியானோ கான்செர்ட்டோவைப் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கறது) போடுங்களேன். போர்ல வலது கை போன பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக எழுதினது. அடியில செல்லோவும் டபுள் பேஸும் உறும, பசூனை விட கீழ் ஸ்வரத்துல ஒலிக்கற கான்ட்ராபசூன் இருட்டுக்குள்ளருந்து கிளம்பும், அப்புறம் பியானோ இறங்கும் பாருங்க, கண்ணை மூடிட்டா ஒத்தைக் கைன்னு யாரும் சொல்ல முடியாது. இது புதுசா வர்றவங்களுக்குப் புரியாதா? தாளக்காரன் சார், இன்னிக்கு ராத்திரி கேளுங்க, நாளைக்கு இங்கயே சண்டையை தொடருவோம்.