மே மாசம் தவில்காரர் ஒருத்தர் வேணும், ரத்தம் கொடுக்க ஆளும் வேணும்

வணக்கம் சொந்தங்களே, அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுறேன்.

என் தங்கச்சி பையனுக்கு 7 வயசு. தலசீமியா, உடம்புல ரத்தம் சரியா ஊறாத பரம்பரை நோய். 3 வாரத்துக்கு ஒருதடவை ரத்தம் ஏத்தியே ஆகணும். மே மாசம் வந்தாலே எங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும். காலேஜ் லீவு, முகாம் நடக்காது, ரத்த வங்கியில இருப்பு குறைஞ்சுடும். போன வருஷம் குடும்பமா ஏற்காடு போனோம். ரெண்டாம் நாளே பிள்ளை முகம் வெளுத்துப் போச்சு. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கிறவரைக்கும் ஓ நெகட்டிவ் கேட்டு போன் போட்டுக்கிட்டே வந்தேன்.

எங்கப்பா நாதஸ்வரக்காரர். ரத்தம் ஏறும்போது பக்கத்துல உக்காந்து மெதுவா மோகன ராகம் பாடுவார். பையன் ஊசி குத்தாத கையால கட்டில் கம்பியில ஆதி தாளம் போடுவான், ஒரு எண்ணிக்கை பிசகாது. அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்துச்சு: மே மூணாவது ஞாயிறு காலையில அப்பா கச்சேரி, அங்கேயே ரத்ததான முகாம். அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில பேசிட்டேன், வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

தவில் வாசிக்க ஒருத்தர் வேணும். அப்பாவோட வழக்கமா வாசிக்கிறவருக்குத் தோள் வலி. காத்தோட்டமா ஒரு மண்டபம், 10 கட்டில் போடற அளவுக்கு, வாடகை இல்லாம யாராவது தர முடியுமா?

ரத்தம் கொடுக்க 18 வயசு முடிஞ்சிருக்கணும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். கடைசியா கொடுத்து ஆம்பளைங்களுக்கு 3 மாசம், பொம்பளைங்களுக்கு 4 மாசம் ஆகியிருக்கணும். வெறும் வயித்தோட மட்டும் வராதீங்க, இட்லி நாங்க தர்றோம்.

வர முடியறவங்க ரத்த வகையை இன்பாக்ஸ்ல சொல்லுங்க.