லா-முலானாவும் அதன் உறவுகளும்: கடினமான பழைய பாணி ஆய்வு விளையாட்டுகளோடு நம் அனுபவங்கள்

முதல் பதிவு

பழைய காலத்துப் புள்ளிப் படத் தோற்றத்தோடு, சுற்றித் திரிந்து வழி கண்டுபிடித்து, தளத்துக்குத் தளம் குதித்து முன்னேற வேண்டிய பிளாட்ஃபார்மர் விளையாட்டுகளில் எதைப் பரிந்துரைப்பீர்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர் லா-முலானா. கை வேகத்தை மட்டும் நம்பி உள்ளே இறங்குபவர்களை இந்த விளையாட்டு வாசலிலேயே சோர்வடையச் செய்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் நின்று படிக்கவும், படித்ததைக் குறித்து வைக்கவும், குறித்ததை வேறோர் இடத்தில் நினைவுகூரவும் பொறுமை உள்ளவர்களுக்கு இதற்கு இணையான ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை.

ஜப்பானைச் சேர்ந்த ஒரு சிறு குழு, பின்னாளில் நிகோரோ என்ற பெயரில் அறியப்பட்ட குழு, 2005-இல் விண்டோஸ் கணினிகளுக்காக இதை இலவசமாக வெளியிட்டது. 1980-களில் புழக்கத்தில் இருந்த எம்எஸ்எக்ஸ் கணினிகளின் நிறங்களையும் ஒலிகளையும் அப்படியே பின்பற்றி, குறிப்பாக கொனாமி நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ‘தி மேஸ் ஆஃப் கேலியஸ்’ விளையாட்டின் மீதுள்ள பற்றினால் உருவாக்கப்பட்ட படைப்பு அது. படங்களையும் இசையையும் புதுப்பித்த மறுஆக்கம் 2011-இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் வீ (Wii) விளையாட்டுக் கருவிக்கும், 2012-இல் கணினிக்கும் வந்தது. இரண்டாம் பாகம் 2018-இல் வெளியானது. நான் கீழே எழுதுவது பெரும்பாலும் மறுஆக்கத்தைப் பற்றியது.

கதைநாயகன் லெமேசா கொசுகி ஒரு தொல்லியல் ஆய்வாளர். கையில் சாட்டையோடும் முதுகுப் பையில் மடிக்கணினியோடும், உலக நாகரிகங்கள் அனைத்தும் பிறந்த இடமாகக் கருதப்படும் ஓர் இடிபாட்டுக்குள் நுழைகிறார். இதுவரை கேட்டால் வழக்கமான சாகசக் கதை போலத்தான் இருக்கும். உள்ளே போனபின் தெரிவது வேறு. எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டுவார் யாருமில்லை. ஊர்ப் பெரியவர் ஜெல்பட் பேசுவார். கடைக்காரர்கள் பொருள் விற்பார்கள். வழி தவறி மாண்ட பழைய ஆய்வாளர்களின் எலும்புக்கூடுகள் கடைசிக் குறிப்புகளை விட்டுச் சென்றிருக்கும். மற்றவை எல்லாம் சுவர்களில் பதிந்த கல்வெட்டுப் பலகைகளில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதற்கே ஒரு ஸ்கேனர் கருவியும் எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் தேவைப்படும் என்பதால், தொடக்கத்தில் கிடைக்கும் காசை வேறு எதற்கும் செலவழிக்காமல் இவ்விரண்டையும் வாங்குவதே நல்லது.

இந்த விளையாட்டு எப்படி யோசிக்கிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது ராட்சதர்களின் கல்லறைப் பகுதி. அங்கே பெருஞ்சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்த ராட்சதர்கள் யார், அவர்களுக்குள் என்ன நடந்தது என்று பலகைகள் சொல்கின்றன. முதன்முறை படிக்கும்போது இது கதைக்கு அழகு சேர்க்கும் புராணம் என்றுதான் தோன்றும். ஆனால் எந்தச் சிலை எவருடையது என்பதைப் பெயர் பெயராகப் பிரித்தறியாமல் அந்தப் பகுதியின் புதிர்களைத் தொடவே முடியாது. அந்தச் சிலைகளின் படத்தை ஒரு தாளில் வரைந்து, பலகையிலுள்ள ஒவ்வொரு வரியையும் அதனதன் சிலைக்கு எதிரே எழுதி, முரண்பட்ட பெயர்களை அடித்துத் திருத்தி, கடைசியில் ஒரே ஒரு பொருத்தம் மட்டும் எஞ்சிய பிறகு நான் எடையை எடுத்துப் பீடத்தில் வைத்தேன். கல் நகரும் ஓசை கேட்டது. ஒரு விளையாட்டு என் அறிவை இவ்வளவு மதித்து நடத்தியதாக அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை.

எடை என்று குறிப்பிட்டேன், அதையும் விளக்கிவிடுகிறேன். இடிபாடு முழுவதும் சிறு பீடங்கள் இருக்கின்றன. கடையில் வாங்கிய அல்லது பானைகளை உடைத்துச் சேர்த்த எடைகளை அவற்றின் மீது வைத்தால் கதவு திறக்கலாம், பெட்டி திறக்கலாம், எங்கோ ஒரு படிக்கட்டு தோன்றலாம். சில பீடங்கள் பொறிகளாகவும் இருக்கும். சந்தேகப்பட்ட சுவரையெல்லாம் சாட்டையால் அடித்துப் பார்க்கும் பழக்கத்துக்கும் தண்டனை உண்டு: தெய்வக் கண் பொறித்த அறைகளில் தொடக்கூடாத பொருளை அடித்தால் மின்னல் வந்து தாக்கும். ‘இதை மீண்டும் படிக்காதே’ என்று எச்சரிக்கும் ஒரு பலகையும் இருக்கிறது. எச்சரிக்கையை மீறிப் படித்தால் அந்த ஆட்டம் முழுவதற்கும் கடினநிலை கூடிவிடும். எழுதப்பட்டதை நம்பு, எழுதப்பட்டதற்குக் கீழ்ப்படி என்பதே இந்த உலகின் சட்டம். அச்சட்டம் தொடக்கத்திலிருந்தே ஒளிவுமறைவின்றி நடைமுறையில் இருப்பதால்தான் இதன் கடுமையை நான் அநீதி என்று சொல்வதில்லை.

சண்டையைப் பொறுத்தவரை, எட்டுக் காவலர்கள் எட்டு இடங்களில் உறங்குகிறார்கள். ஒவ்வொருவரையும் எழுப்புவதற்கு ‘ஆங்க் மணி’ என்ற ஓர் இரத்தினக்கல் வேண்டும். அது கிடைக்கும் இடம் ஒரு தனிப் புதிர். வாசல் பகுதியிலுள்ள ஆம்ஃபிஸ்பீனா எளியவர். திறமையான சாட்டை வீச்சு போதும். பாஃபோமெட்டும் தியாமட்டும் அப்படி அல்லர். அவர்களிடம் போகும் முன் உயிரளவை உயர்த்தும் பொருள்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு, துணை ஆயுதங்களை நிரப்பிக்கொண்டு போவதே விவேகம். குதித்த பின் காற்றில் திசை மாற்றுவது 2005-இன் மூலத்தில் மிகவும் இறுக்கமாக இருக்கும்; மறுஆக்கத்தில் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆகவே புதியவர்கள் மறுஆக்கத்திலிருந்து தொடங்குவதே முறை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். இதே விளையாட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது பதிவு

நண்பரே, நீங்கள் அறிவுக்குச் சவால் விடும் விளையாட்டைச் சொன்னீர்கள். நான் விரல்களுக்குச் சவால் விடும் ஒன்றைச் சொல்கிறேன். 2010-இல் டெர்ரி கேவனா உருவாக்கிய விவிவிவிவிவி (VVVVVV), 1980-களின் கொமடோர் 64 கணினிக் காலத் தோற்றம் கொண்டது. இதில் குதிப்பதே கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஈர்ப்பு விசை தலைகீழாகி, தரையில் நின்ற கேப்டன் விரிடியன் கூரையை நோக்கி விழுவார். சிதறிப்போன தன் குழுவினரை ஒரு பெரிய மேப்பில் தேடிச் சேர்ப்பதுதான் அவர் வேலை.

அந்த மேப்பில் பளபளக்கும் இருபது பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு சிறு கட்டைக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குதிக்கத் தெரிந்த எந்தக் கதாபாத்திரமும் ஒரு நொடியில் தாண்டிவிடக்கூடிய தடை அது. விரிடியனால் குதிக்க முடியாது என்பதால், ஈர்ப்பைத் திருப்பி, இருபுறமும் முட்கள் நிறைந்த நீண்ட குழாய் வழியாகப் பல திரைகள் மேலே விழுந்து, உச்சியில் உடனே உடைந்துபோகும் ஒரு பலகையைத் தொட்டு, மீண்டும் அதே முட்களின் வழியே கீழே விழுந்து கட்டையின் மறுபுறம் இறங்க வேண்டும். அந்தக் குழாயின் வளைவுகளை என் விரல்கள் மனப்பாடம் செய்த பிறகுதான் அந்தப் பொருள் கைக்கு வந்தது. இது விருப்பப் பகுதிதான்; கதையை முடிக்கத் தேவையே இல்லை. இருந்தும் நான் முழு விளையாட்டிலும் மிகவும் விரும்பி நினைவுகூர்வது அந்தச் சில நொடிகளைத்தான்.

செத்த மறுகணமே அருகிலுள்ள இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்பதை அவசியம் குறிப்பிட வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் இத்தனை கடினத்தை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். முழுவதையும் ஒரே விடுமுறை நாளில் முடித்துவிடவும் முடியும்.

மூன்றாவது பதிவு

இந்த வகையை இதுவரை தொட்டே பார்க்காதவர்களுக்கு இவ்விரண்டையும் விடக் கேவ் ஸ்டோரி பொருத்தமானது என்பது என் கருத்து. பிக்சல் என்ற புனைபெயர் கொண்ட தைசுகே அமாயா ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தனியாகவே உழைத்து, 2004-இல் இதை இலவசமாக வெளியிட்டார். எதிரிகளை வீழ்த்தினால் துப்பாக்கி வலுப்பெறும், அடி வாங்கினால் அதே துப்பாக்கி வலு இழக்கும். இந்த ஒரே விதியால் ஒவ்வொரு மோதலிலும் கவனம் தானாகவே கூர்மையாகிவிடுகிறது.

கதையின் ஒரு திருப்பத்தை இங்கே வெளிப்படுத்துகிறேன். விளையாட எண்ணுபவர்கள் இப்பத்தியைத் தாண்டிவிடலாம். ஓரிடத்தில் பேராசிரியர் பூஸ்டர் பள்ளத்தில் விழுந்து கிடப்பார். மனிதாபிமானமுள்ள எவரும் இறங்கிப் போய் அவரிடம் பேசுவார்கள். பேசினால் அவர் ஒரு பறக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு இறந்துபோவார். பேசாமல் அந்தப் பள்ளத்தைத் தாண்டிச் சென்றால் அவர் பிழைத்திருப்பார். பின்னர் மேம்பட்ட கருவியும் கிடைக்கும். மிகக் கடினமான இறுதிப் பகுதிக்கான வழியும் அதனோடு சேர்ந்தே வரும். ஆனால் இதை ஊகிக்க விளையாட்டுக்குள் போதுமான குறிப்பே இல்லை. லா-முலானாவில் விடை எங்கோ ஒரு பலகையில் எழுதப்பட்டிருக்கிறது என்ற உறுதியாவது உண்டு. கேவ் ஸ்டோரியின் மீது எனக்கு அளவற்ற அன்பு இருந்தும், இந்த ஓர் இடத்தில் அது விளையாடுபவரிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

லா-முலானாவைத் தொடங்க எனக்கும் ஆசை. ஒரே ஒரு கேள்வி: கைடு பார்க்காமல் அதை முடிக்க முடியுமா?

நான்காவது பதிவு, முதல் பதிவர்

பூஸ்டர் பற்றி நீங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடித்தவர்கள் இருக்கிறார்கள்; பெரும்பாலானோருக்கு ஏதோ ஓரிடத்தில் உதவி தேவைப்படும் என்பதும் உண்மை. பின்பாதியில் ஒரு பகுதியின் பலகை முற்றிலும் வேறொரு பகுதியின் புதிரைப் பற்றிப் பேசும்; இடையில் பல மணி நேரம் கடந்திருக்கும். அப்போது நினைவை மட்டும் நம்புவது கடினம். ஆகவே பலகை ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பகுதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். புரிந்ததை மட்டுமல்ல, புரியாததையும் சேர்த்துக் குறித்து வையுங்கள், ஏனெனில் பின்னால் பயன்படுவது பெரும்பாலும் புரியாமல் விட்டவைதான்.

அப்படியும் வழி தெரியவில்லையென்றால், முடித்த ஒருவரிடம் ‘விடை என்ன’ என்று கேட்காமல் ‘நான் எந்தப் பலகையை மறுபடி படிக்க வேண்டும்’ என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அன்றிரவே புதிரைத் தாங்களாகவே அவிழ்த்துவிட்டதாகத் திரும்பி வந்து சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பகுதியில் நின்றாலும் இங்கே எழுதுங்கள்; பலகை இருக்கும் அறையை மட்டும் சொல்கிறேன்.