ஹால் சுவரில் உப்பு பூக்கிறது, பூசுவதற்கு முன் என்ன அடிக்கலாம்? அவசரம்

மாதுங்கா_சேகர்: சுவரில் உப்பு பூத்துப் பெயிண்ட் பொரிந்து கொட்டுகிறது. போன வருடம்தான் சிமெண்ட் பூசிப் பட்டி பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார். அதற்குள் என்ன அடித்தால் உப்பு போகும்?

மீனா_முலுண்ட்: எந்த மாடி? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? உப்பு எவ்வளவு உயரம் வரை? செங்கல்லா, பிளாக்கா?

டோம்பிவிலி_ராஜா: கடல் மணல்தான். பம்பாயில் எவன் ஆற்று மணல் போட்டுக் கட்டுகிறான்? வேறு யோசனையே வேண்டாம்.

அன்பு_தாராவி: ஆசிட் வாங்கித் தண்ணீர் கலந்து கழுவுங்கள் தம்பி. எங்கள் வீட்டில் பளிச்சென்று ஆகிவிட்டது.

பொறியாளர்_வரதன்: இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. கடை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் பட்டால் கால்சியம் குளோரைடு ஆகும். அது சமையல் உப்பைவிட அதிகமாகக் காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்பை எடுக்கப் போய் உப்பைப் பூசிவிட்டு வருவீர்கள்.

அன்பு_தாராவி: பளிச்சென்று ஆனதைக் கண்ணால் பார்த்தேன் சார்.

பொறியாளர்_வரதன்: அடுத்த மழைக்காலத்தில் பார்த்தீர்களா?

அன்பு_தாராவி: அதற்குள் வீடு மாறிவிட்டோம்.

மாதுங்கா_சேகர்: தரைத்தளம். பழைய செங்கல் கட்டிடம். இடுப்பு உயரம் வரை இருக்கிறது. அந்தப் பக்கம் சந்து. ஜூலையில் சுவர் வியர்க்கும், டிசம்பரில் வெள்ளைப் பொடியாக உதிரும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கைப்பிடிப் பொடி.

மீனா_முலுண்ட்: இதைத்தானே முதலில் கேட்டேன்! காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகக் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். அந்தப் படிகம்தான் பூச்சை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. குழாய் ஒழுகாவிட்டாலும் மழைக்காலத்தில் சுவர் நனைவது இதனால்தான். ஆனால் இடுப்பு உயரம் என்றால் மண்ணிலிருந்தும் ஓதம் ஏறுகிறது. அதை நிறுத்தாமல் எதை அடித்தும் பயனில்லை. சந்தின் தரை உங்கள் வீட்டுத் தரையைவிட உயரமா, பாருங்கள்.

அப்புறம், பழைய பூச்சைக் கறைக்கு மேலே இன்னும் 30 செ.மீ. வரை கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கில் பொடிந்த சாந்தையும் 15, 20 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். காய்ந்த பிரஷால் மட்டும் தேயுங்கள். தண்ணீர் ஊற்றினால் மேலே இருக்கும் உப்பு கரைந்து உள்ளே போய்விடும். உதிர்ந்ததைச் சுவரோரம் குவிக்காமல் அன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

அச்சில்லாத காகிதத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கூழாக்கி, நெற்றிக்குச் சுக்குப் பற்றுப் போடுகிற மாதிரி 1, 2 செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். காயும்போது உப்பு கூழுக்கு வரும். உரித்துப் போட்டு மறுபடி அப்பவேண்டும். ஆழத்தில் இருப்பது வராது, மேலாக இருப்பது குறையும்.

காரைக்குடி_கண்ணன்: மேலே சுண்ணாம்புதான் பூசவேண்டும். கடுக்காய் ஊறல், வெல்லம் சேர்த்து.

டோம்பிவிலி_ராஜா: முட்டை வெள்ளைக்கருவை விட்டுவிட்டீர்களே.

காரைக்குடி_கண்ணன்: அது கடைசிப் பூச்சுக்கு. தெரியாமல் கிண்டல் செய்யாதீர்கள்.

டோம்பிவிலி_ராஜா: இங்கே சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஒரு கொத்தனாரைக் காட்டுங்கள், முட்டை நான் வாங்கித் தருகிறேன்.

பொறியாளர்_வரதன்: இது சமையல் குறிப்பு இழை அல்ல. கடுக்காய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுண்ணாம்பு சரிதான். ஈரம் அதன் வழியாக வெளியேறும், உப்பும் பூச்சிலேயே வந்து தங்கும். வருடங்கள் கழித்துப் பூச்சு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், செங்கல் பிழைக்கும். வாட்டர்புரூஃப் சிமெண்ட் போட்டால் ஓதம் இன்னும் மேலே ஏறும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எதுவும் முடியாது. சுவர் காயவே மாதக்கணக்காகும்.

மீனா_முலுண்ட்: சேகர், சந்தைப் பார்த்தீர்களா? சேகர்?

மாதுங்கா_சேகர்: பார்த்தேன் அக்கா. சொசைட்டியில் பேவர் பிளாக் போட்டு உயர்த்தியதில் சந்து எங்கள் ஹால் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. செயலாளரிடம் பேசவேண்டும். கொத்தனாரைப் பூச்சைக் கொத்த மட்டும் வரச் சொல்லிவிட்டேன். நன்றி.

டோம்பிவிலி_ராஜா: பேவர் பிளாக்குக்கு அடியில் என்ன மணல் கொட்டினார்கள் என்று கேளுங்கள்.