வேலைக்கு வந்த வடமாநிலப் பெண்களுக்கு இலவச யோகா: சேலத்தில் எப்படி நடத்தலாம்?

தறிவீதி:
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, அம்மாப்பேட்டை தறிக்கூடம்னு ஒடிசா, பீகார்ல இருந்து வந்திருக்கிற பெண்களுக்கு இலவச வகுப்பு வைக்கலாம்னு பேச்சு. மாசம் 50 ரூபாயாவது வாங்கணும்ங்க. சும்மா கொடுத்தா நாலாம் நாள் ஆள் வராது. பாடத்துக்கு மத்திய ஆயுஷ் அமைச்சகத்தோட பொது யோகா நெறிமுறை போதும், ஜூன் 21 யோகா தினத்துக்கு எல்லாரும் செய்றதுதான். 45 நிமிஷம், காலை 6 மணி, முடிவுல சூரிய நமஸ்காரம்.

சேர்வராயன்:
ஆள் வராததுக்குக் காரணம் காசில்லைங்க, நேரம். 6 மணிக்குத் தண்ணி பிடிக்கணும், ஷிப்டுக்குச் சோறு கட்டணும். சாயங்காலம் வையுங்க, குழந்தையோட வரலாம்னு சொல்லுங்க, ஜன்னலுக்குத் திரை போடுங்க. திரை இல்லாத மண்டபத்துல சேலையோட யாரும் மல்லாந்து படுக்க மாட்டாங்க. சம்பளத்தை ஊருக்கு அனுப்புற பெண்கிட்ட 50 ரூபாய் கேட்டா, அவங்க வராம இருக்க நாமே ஒரு காரணம் கொடுத்த மாதிரி.

தறிவீதி:
சாயங்காலம்னா வயிறு? நல்லா சாப்பிட்டா மூணு மணி நேரம் இடைவெளி வேணுமே.

சேர்வராயன்:
மதியச் சோறு 1 மணிக்கு, வகுப்பு 5 மணிக்கு. நடுவுல டீ, ஒரு வாழைப்பழம் போதும்.

காப்பிக்காடு:
நேரத்தை விட ஆசனத் தேர்வுதான் எனக்குக் கவலை. கொலுசு வேலை தரையில உட்கார்ந்து, நாள் முழுக்கத் தலை கவிழ்ந்து பத்த வெச்சு ஒட்டுறது. அவங்களுக்குப் பச்சிமோத்தானாசனம் (உட்கார்ந்து காலை நீட்டி முன்னால குனியறது) முதல்ல கொடுத்தா, ஏற்கனவே வளைஞ்ச முதுகை இன்னும் வளைக்கிறோம். தாழ்வான புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குறது), சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குறது), ஒவ்வொண்ணும் அஞ்சு மூச்சு, மூணு தடவை. தறிக்கூடத்துல நின்னே வேலை செய்றவங்களுக்குச் சுவரில் காலை ஏத்தி அஞ்சு நிமிஷம். ஏற்காட்டுல காப்பிப் பழம் பறிக்கிறவங்க சரிவுல ஏறி இறங்கின முழங்காலோட வருவாங்க. மண்டி போட்டுக் குதிகால் மேல உட்கார்ற வஜ்ராசனம் வேணாம், நாற்காலியே மேல். நவம்பர், டிசம்பர்ல அங்க தரை சில்லுன்னு இருக்கும், கீழே கம்பளி கட்டாயம்.

தறிவீதி:
சூரிய நமஸ்காரத்தையே விட்டுடலாம்கிறீங்களா? 12 நிலையில உடம்பு முழுக்க வேலை செய்யுதே.

காப்பிக்காடு:
விடச் சொல்லலைங்க, முதல் மாசம் வேணாம்கிறேன். மொசைக் தரையில ஜமக்காளம் விரிச்சு, அதுல வர்ற அதோமுக ஸ்வானாசனம் (கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்குறது) செஞ்சா கை முன்னால, கால் பின்னால வழுக்கும். தாங்குறது மணிக்கட்டுதான். நாள் முழுக்கக் கம்பி முறுக்கின மணிக்கட்டு அது. சுவரில் உள்ளங்கை ஊன்றி, இடுப்பளவுக்குக் குனிஞ்சா அதே நீட்சி கிடைக்கும், வழுக்காது.

சேர்வராயன்:
கபாலபாதியும் (வயித்தை உள்ளே இழுத்து வேகமா மூச்சை வெளியே தள்றது) பொதுவா வைக்கக் கூடாது. கர்ப்பிணிக்கும் ரத்த அழுத்தக்காரங்களுக்கும் ஆகாது. ஆனா வரிசையில நிக்க வெச்சு "யார் கர்ப்பம்?"னு கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. பெண் பயிற்றுநர் தனியா, முதல் நாளே கேட்கணும். மொழிக்கு அஞ்சாறு இந்திச் சொல் போதும்: "சாங்ஸ் லோ" மூச்சை இழு, "சாங்ஸ் சோடோ" விடு, "தீரே" மெதுவா, "குட்னா" முழங்கால், "தர்த்" வலி. கடைசிச் சொல்லை அவங்க சொன்னா உடனே நிறுத்தணும்.

தறிவீதி:
ஆசனம், நேரம் ரெண்டுலயும் உங்க பேச்சு சரி. காசுல மட்டும் நான் இறங்கலைங்க. விரிப்புக்கும் மின்கட்டணத்துக்கும் யார் தருவாங்க?

சேர்வராயன்:
பட்டறைக்காரங்ககிட்ட கேட்போம். முதுகு பிடிச்சு ஆள் லீவு போட்டா நஷ்டம் அவங்களுக்குத்தானே.


தறிவீதி:
கேட்டுப் பாருங்க. தரலைன்னா 50 ரூபாய்க்கே திரும்பி வருவேன்.